ரூ.5,540 தானே, கட்டிவிடலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகியின் கடிதம்:

"அண்ணன் நடத்தும் ஜவுளி நிறுவனத்தில் நானும் பார்ட்னர். அன்றாட நிர்வாகத்தில் எனக்குப் பங்கில்லை, ஸ்லீப்பிங் பார்ட்னர்தான். நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் வரி ஆடிட் உண்டு. 2023-24 நிதி ஆண்டுக்கான என் ரிட்டர்னை ஐடிஆர்-3 படிவத்தில் 2024 அக்டோபர் 24 அன்று தாக்கல் செய்தேன். பாக்கி வரி ரூ.18,000-ஐயும் அதற்கான வட்டியையும் நான்கு நாள் முன்னதாகவே கட்டிவிட்டேன். நவம்பர் 2 அன்று ஆதார் ஓடிபி மூலம் வெரிஃபை செய்தேன். இப்போது 2025 பிப்ரவரி 6 தேதியிட்ட 143(1) இண்டிமேஷன் (ரிட்டர்னைப் பரிசீலித்து வருமான வரித் துறை அனுப்பும் அறிவிப்பு) மெயிலில் வந்திருக்கிறது. தாமதக் கட்டணம் ரூ.5,000, தாமதத்துக்கான 234ஏ வட்டி ரூ.540, ஆக ரூ.5,540 கட்ட வேண்டுமாம். இதைச் சரிசெய்து தர வரி ஆலோசகர் ரூ.1,500 கேட்கிறார். 'இந்தப் பணத்துக்காகவா அலைவாய், கட்டிவிட்டு நிம்மதியாக இரு' என்கிறார் அண்ணன். அந்த ஆண்டு ஷேர் விற்றதில் எனக்கு ரூ.1,40,000 குறுகிய கால நஷ்டம். போன டிசம்பரில் (2024) விற்ற ஷேரில் ரூ.1,60,000 குறுகிய கால லாபம். மற்ற வருமானம் ஆண்டுக்குச் சுமார் ஒன்பது லட்சம். கட்டிவிடலாமா, எதிர்க்க வேண்டுமா? ரிட்டர்ன் நகலையும் இண்டிமேஷனையும் இணைத்திருக்கிறேன்."

பதில்:

கட்டாதீர்கள். குறிப்பாக, போர்ட்டலில் 'டிமாண்ட் (துறை கட்டச் சொல்லும் தொகை) சரியானது' என்ற பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். அதை ஒருமுறை ஒப்புக்கொண்டு சமர்ப்பித்துவிட்டால், பிறகு அதே டிமாண்டை மறுக்க முடியாது.

உங்கள் அண்ணன் ஐயாயிரம் ரூபாயையும் அலைச்சலையும் எடை போடுகிறார். அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் ரிட்டர்ன் கெடு தாண்டி வந்தது என்று துறையின் பதிவில் ஏறியிருக்கிறது என்று பொருள். கெடு தாண்டிய ரிட்டர்னில் காட்டிய ஷேர் நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு இடம் தராது. கெடுவுக்குள் வந்த ரிட்டர்ன் என்றால் எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம்.

உங்கள் டிசம்பர் லாபம் 2024 ஜூலை 23-க்குப் பிறகு வந்தது. ஆகவே எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) கட்டி எக்ஸ்சேஞ்சில் விற்ற ஷேருக்குக் குறுகிய கால வரி 20 சதவீதம். ரூ.1,40,000 நஷ்டத்தை அதில் கழித்தால் ரூ.28,000 வரியும், அதன் மேல் 4 சதவீத செஸ் ரூ.1,120-உம் மிச்சமாகும். ஆக, கையிலிருந்து போகப்போவது ரூ.5,540 மட்டும் இல்லை. அதோடு ரூ.29,120-உம் சேர்ந்தே போகும்.

இந்த அடி இந்த இண்டிமேஷனில் தெரியாமல் போகலாம். அடுத்த ரிட்டர்னில் நஷ்டத்தை எழுதும் ஷெட்யூல் சிஎஃப்எல் பக்கத்தில், நஷ்டம் ஏற்பட்ட ஆண்டின் ரிட்டர்னை எந்தத் தேதியில் தாக்கல் செய்தீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 24-10-2024 என்று எழுதுவீர்கள். உங்கள் கெடு 2024 ஜூலை 31 என்றே பதிவில் இருந்தால், 143(1)(ஏ) பிரிவின் மூன்றாம் உட்பிரிவைக் காட்டி அந்தக் கழிவை நீக்கிவிடுவார்கள். அன்றைக்கு இந்தப் பழைய ஐயாயிரத்தைத் தேடி எடுத்து வாதாட வேண்டியிருக்கும், அதுவும் 'சரி' என்று ஒப்புக்கொண்டு கட்டிய பிறகு.

இனி, உங்கள் பக்கம் சட்டம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்போம். இந்த இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கணக்கைக் கட்டாயம் ஆடிட் செய்ய வேண்டிய நிறுவனத்தின் பார்ட்னருக்குக் கெடு ஜூலை 31 அல்ல, அக்டோபர் 31. 139(1) பிரிவின் இரண்டாம் விளக்கத்தில் இது இருக்கிறது. முன்பு நிர்வாகத்தில் ஈடுபடும் பார்ட்னருக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. 2020-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. ஆகவே ஸ்லீப்பிங் பார்ட்னர் என்பது உங்களுக்குத் தடையில்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு, அதாவது 2023-24 நிதி ஆண்டின் வருமானத்துக்கு, இந்த அக்டோபர் 31-ஐயும் நவம்பர் 15 வரை நீட்டித்தார்கள். நீங்களோ அக்டோபர் 24-லேயே முடித்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனையை அண்ணனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆடிட் 'நடந்தது' என்பது போதாது. சட்டப்படி நடந்தே ஆக வேண்டிய ஆடிட்டாக இருக்க வேண்டும். வியாபார நிறுவனத்துக்கு 44ஏபி பிரிவின்படி விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டினால் ஆடிட் கட்டாயம். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு பத்துக் கோடி. நிறுவனத்தின் விற்றுமுதல் நான்கு கோடி, எல்லாம் வங்கி வழியாகவே நடக்கிறது, பேங்க் லோனுக்காக ஆடிட் செய்கிறோம் என்றால் நிலைமை தலைகீழ். அப்போது உங்கள் கெடு ஜூலை 31-தான், கட்டணமும் சரிதான், எதிர்ப்பதில் பயனில்லை. எல்எல்பி (வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்றால் வரம்பு வேறு: ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையோ, பார்ட்னர்களின் முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினாலே எல்எல்பி சட்டப்படி ஆடிட் கட்டாயம். வேறு சட்டப்படி வரும் அந்தக் கட்டாயமும் பார்ட்னரின் கெடுவைத் தள்ளிவைக்கும்.

உங்கள் வெரிஃபிகேஷன் தேதியையும் பார்த்தேன், பழுதில்லை. தாக்கல் செய்த 30 நாளுக்குள் வெரிஃபை செய்தால், தாக்கல் செய்த நாளே ரிட்டர்ன் கொடுத்த நாள். 30 நாள் தாண்டினால் வெரிஃபை செய்த நாள்தான் கணக்கு. நீங்கள் ஒன்பது நாளில் முடித்திருக்கிறீர்கள். 'ஜூலையிலேயே போட்டேன், ஆனாலும் ஃபைன் வந்துவிட்டது' என்று சொல்கிறவர்களில் பலருக்கு இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கும்: ஜூலை 28-இல் தாக்கல், செப்டம்பரில் வெரிஃபிகேஷன். ஜூலையில் போட்ட ரிட்டர்னைப் போர்ட்டலில் 'டிஸ்கார்ட்' செய்துவிட்டு, ஆகஸ்டில் புதிதாகப் போட்டவர்களுக்கும் இதே கதிதான். இப்படிப்பட்டவர்கள் கட்டணத்தை எதிர்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் கட்டணம் ஏன் விழுந்தது? நீங்கள் அனுப்பிய நகலில் ஷெட்யூல் ஐஎஃப் என்ற பக்கத்தை எடுங்கள். நீங்கள் பார்ட்னராக உள்ள நிறுவனங்களின் விவரம் கேட்கும் சிறு அட்டவணை அது. ஒரே ஒரு வரிசை நிரப்பியிருக்கிறது: நிறுவனத்தின் பெயர், அதன் பான் எண், பிறகு 'நிறுவனத்துக்கு ஆடிட் உண்டா' என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. அடுத்த கட்டங்களில் உங்கள் பங்கு சதவீதம், லாபப் பங்கு, மார்ச் 31 அன்று முதலீட்டு நிலுவை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. தவறு அந்த ஒரு கட்டத்தில் மட்டுமே.

பெங்களூருவில் உள்ள சிபிசி மையத்தில் ரிட்டர்னைக் கணினிதான் பரிசீலிக்கிறது. ஷெட்யூல் ஐஎஃப்-இல் 'இல்லை', பொதுத் தகவல் பக்கத்தில் உங்களுக்குச் சொந்தமாக ஆடிட் இல்லை, ஆகவே கெடு ஜூலை 31 என்று எடுத்துக்கொண்டது. ரூ.18,000 பாக்கிக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதம், மாதம் ஒரு சதவீதம்: ரூ.540. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 234எஃப் பிரிவின் தாமதக் கட்டணம் ரூ.5,000. எடுத்துக்கொண்ட கெடு தவறு. அதன்மேல் போட்ட கூட்டல் சரி. தவறு உங்கள் பக்கத்தில் தொடங்கியது என்பதற்காகக் கட்டணம் நியாயமாகிவிடாது. கெடுவைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் ஆடிட் கடமை. படிவத்தில் நிரப்பிய எழுத்து அதை மாற்றாது.

234எஃப் சட்டப்படி அபராதம் அல்ல, 'கட்டணம்'. அபராதம் என்றால் நியாயமான காரணம் காட்டி விலக்குக் கேட்க முடியும். கட்டணத்துக்கு அந்த வழி இல்லை. கெடு தாண்டினால் அது தானாக விழும். ஆகவே உடல்நிலை சரியில்லை, முதல் தடவை, கருணை காட்டுங்கள் என்றெல்லாம் மனுவில் ஒரு வரிகூட வேண்டாம். அவற்றால் பயனில்லை என்பதோடு, தாமதத்தை நீங்களே ஒப்புக்கொண்டது போலவும் ஆகிவிடும். உங்கள் வாதம் ஒன்றே ஒன்று: என் கெடு நவம்பர் 15, நான் கொடுத்தது அக்டோபர் 24, தாமதமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியவை. வருமான வரி போர்ட்டலுக்குள் நேராகப் போங்கள். மெயிலில் வரும் இணைப்பை அழுத்திப் போக வேண்டாம், போலி டிமாண்ட் மெயில்கள் ஏராளமாக உலவுகின்றன. முதலில் நிலுவை நடவடிக்கைகள் பகுதியில் 'நிலுவை டிமாண்டுக்குப் பதில்' என்பதைத் திறந்து, முழுத் தொகையையும் மறுப்பதாகத் தெரிவியுங்கள். இது வெறும் தற்காப்பு. இதனால் டிமாண்ட் நீங்கிவிடாது. மறுப்புப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு ரீஃபண்டில் தொகையைப் பறிகொடுத்தவர்கள் நிறைய.

உண்மையான தீர்வு 154-ஆவது பிரிவின்கீழ் ரெக்டிஃபிகேஷன், அதாவது தவறைத் திருத்தக் கேட்கும் விண்ணப்பம். திருத்திய ரிட்டர்ன் போடும் வாய்ப்பு இந்த ஆண்டுக்கு, நீட்டிப்போடு சேர்த்து, 2025 ஜனவரி 15 அன்றே முடிந்துவிட்டது. ஆகவே இதுதான் வழி. சேவைகள் பகுதியில் ரெக்டிஃபிகேஷனைத் திறந்து, புதிய விண்ணப்பம், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் பல வகைகள் வரும். முதலில் நிற்பது 'ரிட்டர்னை மறுபரிசீலனை செய்க'. எளிதாக இருக்கிறதே என்று எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். உங்கள் விஷயத்தில் அது வேண்டாம். அதே ரிட்டர்ன், அதே 'இல்லை', மறுபடியும் அதே ரூ.5,540 வரும். ஷெட்யூல் ஐஎஃப்-இல் 'ஆம்' என்று சரியாக நிரப்பியும் கட்டணம் விழுந்தவர்களுக்குத்தான் மறுபரிசீலனை பொருந்தும்.

உங்களுக்கு வேண்டியது 'ரிட்டர்ன் தகவல் திருத்தம்'. அதில் ஷெட்யூல் ஐஎஃப்-ஐத் தேர்ந்தெடுத்து, ஆடிட் கட்டத்தை மட்டும் 'ஆம்' என்று மாற்றுங்கள். வருமானம், கழிவு, வரித் தொகை எதிலும் ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. ரெக்டிஃபிகேஷனில் புதிய சலுகை கேட்க முடியாது. விட்டுப்போன கழிவு ஒன்றையும் இதோடு சேர்த்துவிடலாமே என்று தொட்டால் மொத்த விண்ணப்பமும் நிராகரிக்கப்படும். திருத்திய பிறகு வரிக் கணக்கீட்டுப் பக்கத்தில் 234எஃப் பூஜ்யமாகவும் 234ஏ பூஜ்யமாகவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சமர்ப்பிக்க வேண்டும். பூஜ்யமாகாவிட்டால், 'எந்தப் பிரிவின்கீழ் தாக்கல்' என்ற இடத்தில் 139(1)-க்குப் பதில் தாமத ரிட்டர்னுக்கான 139(4) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

154-ஆவது பிரிவு 'பதிவிலேயே வெளிப்படையாகத் தெரியும் தவறு'களுக்கு மட்டும்தான். நீண்ட வாதம் செய்து நிறுவ வேண்டிய விஷயம் அதில் அடங்காது என்று 1971-இல் வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் நீண்ட வாதத்துக்கு இடமே இல்லை. நிறுவனத்தின் ஆடிட் அறிக்கையும், உங்களைப் பார்ட்னராகக் காட்டும் அதன் ஐடிஆர்-5 ரிட்டர்னும் துறையின் சொந்தப் பதிவிலேயே கிடக்கின்றன. அதனால் அண்ணனிடம் இந்த நகல்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: 3சிபி, 3சிடி ஆடிட் அறிக்கையும் அதன் ஒப்புகை எண்ணும், ஐடிஆர்-5 ஒப்புகையும் பார்ட்னர் விவரப் பக்கமும், பார்ட்னர்ஷிப் பத்திரம். விண்ணப்பத்தோடு இவற்றை இணைக்க இடமில்லாமல் போகலாம். ஆனால் அடுத்த கட்டத்தில் கேட்பார்கள்.

விளக்கம் எழுத இடம் வந்தால் சில வாக்கியங்கள் போதும். 'நான் இன்ன பான் எண்ணுள்ள நிறுவனத்தின் பார்ட்னர். அந்த நிறுவனத்துக்கு 44ஏபி பிரிவின்கீழ் ஆடிட் கட்டாயம்; ஆடிட் அறிக்கையின் ஒப்புகை எண், தேதி இவை. ஆகவே 139(1) பிரிவின் இரண்டாம் விளக்கப்படி என் கெடு 31-10-2024, நீட்டிப்புடன் 15-11-2024. ரிட்டர்ன் தாக்கல் செய்தது 24-10-2024. ஷெட்யூல் ஐஎஃப்-இல் ஆடிட் கட்டம் தவறுதலாக இல்லை என்று நிரப்பப்பட்டது. 234எஃப் கட்டணத்தையும் 234ஏ வட்டியையும் நீக்க வேண்டுகிறேன்.' இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குப் போர்ட்டலில் கட்டணம் எதுவும் கிடையாது. ரிட்டர்னை நீங்களே போட்டவர் என்றால் இதையும் நீங்களே செய்துவிடலாம். ஐடிஆர்-3 படிவத்தைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது என்றால் ஆலோசகருக்கு ரூ.1,500 கொடுப்பது தவறில்லை. காப்பாற்றுவது முப்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அவர் எந்த வகை ரெக்டிஃபிகேஷன் போடப் போகிறார் என்று முதலிலேயே கேளுங்கள். 'மறுபரிசீலனை' என்று சொன்னால், ஷெட்யூல் ஐஎஃப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

தேதிகளைப் பற்றி. இண்டிமேஷனே டிமாண்ட் நோட்டீஸும் ஆகும். அன்றே மெயிலில் வந்துவிட்டதால் 30 நாள் கெடு மார்ச் 8-இல் முடிகிறது. அதன் பிறகு 220(2) பிரிவின்கீழ் மாதம் ஒரு சதவீத வட்டி. தொகையை நூறின் மடங்காகக் குறைத்துக்கொள்வதால் ரூ.5,500-க்கு மாதம் ரூ.55. ரெக்டிஃபிகேஷன் விண்ணப்பத்தை, அது வந்துசேர்ந்த மாதக் கடைசியிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 154(8) சொல்கிறது. ஆறு மாதம் ஆகி, கடைசியில் தோற்றே போனாலும் கூடுதல் செலவு ரூ.330. காத்திருப்பதில் உள்ள ஆபத்து அவ்வளவுதான். அந்த வட்டிகூட வேண்டாம், டிமாண்ட் நிலுவையில் நிற்பதே உறுத்துகிறது என்றால், மறுப்பை மாற்றாமல் டிமாண்ட் எண்ணைக் குறிப்பிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு ரெக்டிஃபிகேஷனைத் தொடரலாம். ஜெயித்தால் திரும்ப வரும். உங்கள் இடத்தில் அதற்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரெக்டிஃபிகேஷன் கேட்க நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. உங்களுக்கு 2029 மார்ச் 31 வரை. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த ரிட்டர்ன் பரிசீலனைக்குப் போவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

அப்பீல்? இண்டிமேஷனை எதிர்த்து ஃபார்ம் 35-இல் நேரடியாகவே அப்பீல் போகலாம். 30 நாள் கெடு; ரெக்டிஃபிகேஷன் போட்டதால் அந்தக் கெடு நிற்காது. மொத்த வருமானம் இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் உங்களுக்கு அப்பீல் கட்டணம் ரூ.1,000. தீர்ப்பு வர நாளாகும். ஒரு கட்டத்தைத் திருத்தினால் தீரும் விஷயத்துக்கு இதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். ரெக்டிஃபிகேஷனை மறுத்து உத்தரவு வந்தால், அந்த மறுப்பு உத்தரவை எதிர்த்தே 30 நாளுக்குள் அப்பீல் போக 246ஏ பிரிவு இடம் தருகிறது. அதனால் இப்போது மார்ச் 8-ஐ விட்டாலும் கதவு அடைபடாது.

சில சமயம் விண்ணப்பம் போட முயன்றால், ரெக்டிஃபிகேஷன் அதிகாரம் உங்கள் சரக வருமான வரி அதிகாரிக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று போர்ட்டல் சொல்லும். பதற வேண்டாம். அப்போது மேலே சொன்ன விளக்கத்தோடும் நகல்களோடும் அந்த அதிகாரிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதக் கெடு அவருக்கும் உண்டு. கெடு தாண்டியும் பதில் இல்லை என்றால் போர்ட்டலிலேயே உள்ள குறைதீர்ப்புப் பகுதியில் ஒப்புகை எண்ணோடு புகார் பதியுங்கள்.

இதற்கிடையில் 245-ஆவது பிரிவின்கீழ் ஒரு மெயில் வரலாம்: உங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்டில் இந்த டிமாண்டைக் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்று. பதில் சொல்ல 21 நாள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக் கழித்துவிடுவார்கள். மறுப்பு, ரெக்டிஃபிகேஷன் ஒப்புகை எண் இரண்டையும் குறிப்பிட்டு அன்றே பதில் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மார்ச் 15 அட்வான்ஸ் டேக்ஸ் தவணை. டிசம்பர் லாபத்துக்கு அதற்குள் வரி கட்ட வேண்டும். நஷ்டத்தைக் கழித்து மீதி ரூ.20,000 லாபத்துக்கு மட்டும் கணக்கிடலாமா என்றால், ஆடிட் கட்டாயம் என்பது அண்ணனிடம் உறுதியான பிறகு அப்படியே செய்யுங்கள். அது சந்தேகமாக இருந்தால் முழு லாபத்துக்கும் கட்டிவையுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பார்ட்னர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து ஃபார்ம் 10-ஐஇஏ கொடுத்தவர்களுக்கு இந்த ஒரு கட்டம் இன்னும் பெரிய அடி கொடுக்கும். வியாபார வருமானம் உள்ளவர்கள் அந்தப் படிவத்தை 139(1) கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும். கெடு ஜூலை 31 என்று கணினி எடுத்துக்கொண்டால் படிவமும் செல்லாததாகி, புதிய முறையில் வரி போட்டு, 80சி, வீட்டுக் கடன் வட்டி எல்லாம் நீக்கப்பட்ட டிமாண்ட் வரும். இண்டிமேஷனில் நீங்கள் கொடுத்த தொகையும் சிபிசி கணக்கிட்ட தொகையும் பக்கத்துப் பக்கமாக இருக்கும். கடைசி வரித் தொகையை மட்டும் பார்க்காமல், இரண்டு பத்தியையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அந்த பிடிஎஃப்-ஐத் திறக்கும் பாஸ்வேர்டு, சிறிய எழுத்தில் உங்கள் பான் எண்ணும் அதை ஒட்டிப் பிறந்த தேதியும், இடைவெளி இல்லாமல்.

உங்கள் ரெக்டிஃபிகேஷன் உத்தரவு மெயிலில் வந்ததும் 234எஃப், 234ஏ இரண்டும் பூஜ்யமா என்பதோடு, ஷெட்யூல் சிஎஃப்எல்-இல் ரூ.1,40,000 அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். பிறகு நிலுவை டிமாண்ட் பக்கத்துக்குப் போய் அந்த டிமாண்ட் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். உத்தரவு வந்தும் டிமாண்ட் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தால், உத்தரவின் தேதியையும் எண்ணையும் போட்டு மறுபடி ஒரு மறுப்பு அனுப்ப வேண்டும். அடுத்த ரிட்டர்னில் ஷெட்யூல் ஐஎஃப் நிரப்பும்போது, முந்தைய ஆண்டுத் தகவலை அப்படியே இழுத்து வரும் சாஃப்ட்வேர் அந்தப் பழைய 'இல்லை'யையும் இழுத்து வரும். அந்தக் கட்டத்தைக் கையால் மாற்றுங்கள்.